அவசர எண்ணை அழைத்ததும் என்ன பேசுவது: வீட்டில் எல்லோரையும் பழக்க ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் திடீரென்று மயங்கி விழுகிறார் என்று வையுங்கள். பல குடும்பங்களில் முதல் போன் அண்ணனுக்குப் போகும், அடுத்தது மாமாவுக்கு, அதற்கடுத்தது தெரிந்த டாக்டருக்கு. "ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா?" என்று அவர்களில் யாராவது கேட்கும்போதுதான் நினைவு வரும். இதயம் நின்றுபோனவருக்கு யாரும் நெஞ்சை அழுத்தத் தொடங்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். அந்த நிமிடங்களைத்தான் சொந்தக்காரர்களிடம் செலவழிக்கிறோம். முதல் அழைப்பு அவசர எண்ணுக்கு, மற்றவர்களுக்கு அதன்பிறகு. வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் விதி இதுதான்.

எண் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மறுமுனையில் ஒருவர் பேசத் தொடங்கியதும் என்ன சொல்வது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவர்கள்தான் குறைவு. அதைப் பழக ஒரு மாலை நேரம் போதும்.

உங்கள் எண்ணை உறுதிசெய்யுங்கள்

தமிழர்கள் வாழும் நாடுகள் பல, எண்களும் அப்படியே. இந்தியாவில் காவல், தீயணைப்பு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் 112. ஆம்புலன்ஸுக்குப் பல மாநிலங்களில் 108. இலங்கையில் ஆம்புலன்ஸ் 1990, காவல் 119, தீயணைப்பு 110. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 995, காவல் 999. மலேசியாவில் 999. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆம்புலன்ஸ் 998. பிரிட்டனில் 999. அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. நார்வேயில் 112 என்பது காவல்துறை, ஆம்புலன்ஸுக்கு 113. வெளிநாட்டுக்குப் புதிதாகக் குடிபோகிறவர்களும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோரும் அந்த நாட்டு எண்ணைப் போன முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் பார்த்த 911ஐத்தான் பல பிள்ளைகள் மனதில் வைத்திருக்கிறார்கள்.

செல்போனில் 112 போட்டால், அந்த நாட்டின் எண் வேறாக இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் அழைப்பு உள்ளூர் அவசர மையத்துக்குத் திருப்பிவிடப்படும். உலகத்தின் முதல் பொது அவசர எண் 1937இல் லண்டனில் வந்த 999. அமெரிக்காவில் முதல் 911 அழைப்பு 1968இல்தான் நடந்தது. எல்லா நாட்டுக்கும் ஒரே எண் என்ற நிலை இன்னும் வரவில்லை. ஆகவே உங்கள் ஊரின் எண்ணைத் தாளில் பெரிதாக எழுதி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

போனைப் பூட்டு திறக்காமலே அழைக்க முடியும். லாக் ஸ்கிரீனின் அடியில் 'எமர்ஜென்சி' என்று ஒரு சொல் இருக்கும். அதைத் தொட்டால் எண் பலகை வரும். பல போன்களில் பவர் பட்டனை வேகமாக ஐந்து முறை அழுத்தினாலும் அவசர அழைப்புக்கான திரை வரும் அல்லது அழைப்பே போகும். இந்தியாவில் விற்கும் பல ஸ்மார்ட்போன்களில் மூன்று முறை அழுத்தினாலே 112க்குப் போய்விடும். ஒவ்வொருவர் போனிலும் இது எப்படி அமைந்திருக்கிறது என்று செட்டிங்ஸில் பார்த்துவையுங்கள். அழுத்திச் சோதிக்க வேண்டாம்; அது உண்மையாகவே போய்விடும்.

முகவரியை எழுதிவையுங்கள்

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டாலும் இடம் தெரிந்தால் வண்டியை அனுப்பலாம். இடம் தெரியாமல் என்ன ஆயிற்று என்பது மட்டும் தெரிந்தால் யாரும் எதுவும் செய்ய முடியாது. அழைப்பு பாதியில் அறுந்துபோகலாம், சார்ஜ் தீர்ந்துபோகலாம், பேசுகிறவரே மயங்கலாம். அதனால் வாயிலிருந்து வரும் முதல் தகவல் இடமாக இருக்கட்டும்.

"எங்கள் வீடு" என்று நமக்குப் பழகிப்போன இடத்தை, அந்தப் பக்கமே வந்திராத ஓட்டுநருக்குப் புரியும்படி சொல்வது எளிதல்ல. பதற்றத்தில் சொந்த வீட்டுக் கதவு எண் மறந்துபோவது சாதாரணமாக நடப்பது. அதனால் இப்போதே, நிதானமாக இருக்கும்போது எழுதுங்கள்: கதவு எண், கட்டடத்தின் பெயர், எத்தனையாவது மாடி, தெரு, பகுதி, ஊர், அஞ்சல் குறியீடு. பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருந்தால் வாசலில் எது தெரிகிறதோ அதை எழுதுங்கள். அதே பெயரில் பக்கத்திலேயே இன்னொரு தெரு இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். வெகுதூரத்திலிருந்து வருகிறவருக்கும் தெரியும் ஓர் அடையாளம் சேருங்கள். வண்டி எந்த வாசல் வழியாக உள்ளே வரவேண்டும், எந்தப் பக்கம் சந்து குறுகலாக இருக்கிறது, ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் நுழையுமா என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள்.

"போனே இடத்தைக் காட்டிவிடுமே" என்று நினைக்கலாம். 2010களின் நடுவிலிருந்து பல நாடுகளில், அவசர எண்ணை அழைத்ததும் போன் தானாகவே தன் இருப்பிடத்தை மையத்துக்கு அனுப்பும் வசதி வந்திருக்கிறது. அது நிறைய உயிர்களைக் காப்பாற்றக்கூடியதுதான். ஆனால் எல்லா ஊரிலும் அது இல்லை. இருக்கும் இடத்திலும் கட்டடத்துக்குள் துல்லியம் குறையும். நீங்கள் ஏழாவது மாடியில் இருக்கிறீர்களா, தரைத்தளத்தில் இருக்கிறீர்களா என்று அதை மட்டும் நம்பிச் சொல்லிவிட முடியாது. போன் காட்டுவதை உதவியாக வைத்துக்கொள்ளுங்கள், வாயால் சொல்வதை விட்டுவிடாதீர்கள்.

வெளியில் இருக்கும்போது வழிகள் வேறு. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் நோக்கிப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவே தடுப்புச் சுவர் உள்ள சாலையில் எதிர்ப்பக்கம் வந்து நிற்கும் வண்டி, திரும்பி வருவதற்கு வெகுதூரம் சுற்ற வேண்டியிருக்கும். பக்கத்துக் கடைப் பலகையில் முகவரி இருக்கும். அதுவும் இல்லையென்றால் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள், ஆனால் இணைப்பைத் துண்டிக்காமல்.

பேச்சின் வரிசை

இடம், அழைக்கும் போன் எண், என்ன நடந்தது, யாருக்கு, என்ன வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. வரிசை இவ்வளவுதான். சில நாடுகளில் எடுத்தவுடன் "காவலா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா?" என்றுதான் கேட்பார்கள், அதற்கு ஒரே சொல்லில் பதில் சொன்னதும் இணைப்பு மாறும், துண்டித்துவிடாதீர்கள். மாறிய பிறகு மறுபடி இடத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டில் ஒத்திகை பார்க்க இப்படி ஓர் உரையாடல் போதும்:

"அவசர உதவி மையம், சொல்லுங்க."

"ஆம்புலன்ஸ் வேணும். பள்ளிக்கூடத் தெரு, கதவு எண் 14, ரெண்டாவது மாடி. தண்ணித் தொட்டிக்கு எதிர்ல."

"என்ன ஆச்சு?"

"எங்க அப்பா கீழ விழுந்துட்டார். வயசு 62. கூப்பிட்டா பதிலே இல்ல."

"மூச்சு விடுறாரா, நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாருங்க."

"எப்பவாவது ஒருதடவை வாயைத் திறந்து இழுக்கிறார்."

"சரிங்க. வண்டி அனுப்பியாச்சு. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு அவர் பக்கத்துல முட்டிபோட்டு உட்காருங்க. நான் சொல்லச் சொல்ல செய்யுங்க."

இந்தச் சின்ன உரையாடலில் கவனிக்க நிறைய இருக்கிறது. இது நன்றாக நடந்தது மகள் அழாமல் பேசியதால் அல்ல, அழுதாலும் பரவாயில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார், அதனால் நடந்தது. காலையில் என்ன சாப்பிட்டார், போன மாதம் எந்த டாக்டரிடம் போனார் என்ற வரலாறு எதுவும் இல்லை. தேவையானால் அவர்களே கேட்பார்கள்.

"இத்தனை கேள்வி கேட்கிறீர்களே, முதலில் வண்டியை அனுப்புங்கள்!" என்று கோபப்படுவதுதான் நிறையப் பேர் செய்வது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பல மையங்களில் பேசுகிறவர் ஒருவர், வண்டியை அனுப்புகிறவர் இன்னொருவர். இடமும் காரணமும் தெரிந்தவுடன் வண்டி கிளம்பிவிடும். கேள்விகள் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடரும். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர், என்ன கேட்க வேண்டும், வண்டி வரும்வரை என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பதை அட்டைகளில் வரிசையாக எழுதித் தொகுத்தார். இன்று பல நாட்டு மையங்களில் கேட்கும் கேள்விகள் அந்த முறையிலிருந்து வளர்ந்தவை. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு முடிவு காத்திருக்கிறது: எந்த வகை வண்டி, கூட யார், உங்களை இப்போதே என்ன செய்யச் சொல்வது.

மேலே அந்த மகள் சொன்ன "எப்பவாவது இழுக்கிறார்" என்ற வரிக்கு வருகிறேன். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலர் இப்படி விட்டுவிட்டு வாய் திறந்து மூச்சை இழுப்பார்கள், குறட்டை போலச் சத்தமும் வரலாம். பார்ப்பவர்கள் "மூச்சு இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். அது சரியான மூச்சு அல்ல. இதயம் நின்றதற்கான அடையாளம். அதனால் ஆம், இல்லை என்று முடிவைச் சொல்லாமல், கண்ணால் பார்ப்பதை அப்படியே சொல்லப் பழக்குங்கள்: "இழுக்கிறார்", "உதடு நீலமாக இருக்கிறது", "கை வெட்டி வெட்டி இழுக்கிறது". முடிவு செய்வது மறுமுனையில் இருப்பவரின் வேலை. அப்படிச் சொன்னால் அவர் நெஞ்சை அழுத்தச் சொல்வார்: கெட்டியான தரையில் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேல் இன்னொரு கையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். பயிற்சி இல்லாதவரும் அவர் எண்ண எண்ணச் செய்யலாம். முதலுதவிப் பயிற்சி எடுத்திருந்தால் இன்னும் நல்லது.

பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால், அதாவது முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வரவில்லையென்றாலோ, பேச்சு குழறினாலோ, கடைசியாக எத்தனை மணிக்கு அவர் இயல்பாக இருந்தார் என்பதைக் கவனமாகச் சொல்லுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும். அந்தக் கணக்கு உங்கள் பதிலிலிருந்து தொடங்குகிறது. விஷம் அல்லது மாத்திரை என்றால் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் உட்பட எதையும் ஊற்றாதீர்கள்.

"வைத்துவிடலாம்" என்று அவர் சொல்லும்வரை நீங்கள் வைக்காதீர்கள். தவறுதலாக எண் அழுத்திவிட்டாலும் அப்படித்தான்: பயந்து துண்டித்தால் யாருக்கோ ஆபத்து என்று நினைத்துத் திரும்ப அழைப்பார்கள், சில ஊர்களில் ஆளையே அனுப்புவார்கள். "தப்பா அழுத்திட்டேங்க, இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது.

மற்றவர்களுக்கும் வேலை

ஒருவர் பேசும்போது மற்ற நால்வரும் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொன்னால் மறுமுனையில் எதுவும் கேட்காது. அடிபட்டவருக்குப் பக்கத்தில் இருப்பவரே பேசட்டும். இன்னொருவர் வாசல் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தெருமுனைக்குப் போய் நிற்கட்டும். இரவென்றால் டார்ச் கையில் இருக்கட்டும். மாடிக் குடியிருப்பென்றால் லிஃப்டைக் கீழே நிறுத்திவைக்க ஒருவர். நாய் இருந்தால் தனி அறையில் அடைக்க வேண்டும். சாப்பிடும் மருந்துகளையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் ஒரு பையில் போட ஒருவர். அண்ணனுக்கும் மாமாவுக்கும் சொல்லும் வேலையும் இப்போதுதான் தொடங்க வேண்டும், அதுவும் வேறொரு போனில். அவசர மையத்திலிருந்து திரும்ப அழைத்தால் முதல் போனில் லைன் கிடைக்க வேண்டும்.

தனியாக இருப்பவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விடுவித்துக்கொள்ள வேண்டியதுதான்.

குழந்தைகளுக்கு

நான்கு, ஐந்து வயதிலேயே சொல்லித்தரலாம். பெரியவர்கள் சேர்த்துவைக்கும் தயக்கங்கள் அவர்களுக்கு இல்லாததால், சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்வார்கள்.

எண்ணைத் தனித்தனி இலக்கமாகச் சொல்லிக்கொடுங்கள். "நூற்றிப் பன்னிரண்டு" என்று கேட்டுப் பழகிய பிள்ளை எண் பலகையில் அதைத் தேடினால் கிடைக்காது. "ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு" என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். அடுத்தது பெயர். "உங்க அம்மா பேர் என்ன?" என்று கேட்டால் "அம்மா" என்றுதான் பல பிள்ளைகள் சொல்லும். பெற்றோரின் முழுப்பெயர், தன் முழுப்பெயர், முகவரி மூன்றும் ராகம் போட்டாவது மனப்பாடமாகட்டும். பிறகு ஒரே ஒரு வாக்கியம்: "அம்மா எழுப்பினா எழுந்திரிக்கல." மயக்கம், வலிப்பு, மாரடைப்பு என்ற சொற்களெல்லாம் அவர்களுக்கு வேண்டாம்.

எப்போது அழைக்கலாம் என்பதையும் பிள்ளை அளவுக்கு எளிமையாக்குங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சுத் திணறுகிறார், நிறைய இரத்தம் வருகிறது, நெருப்பு எரிகிறது, யாரோ அடிக்கிறார்கள். பொம்மை உடைந்தால் அழைக்கக் கூடாது. இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்வது முக்கியம்: "நீ தப்பா நினைச்சு போன் பண்ணிட்டாலும் நாங்க திட்ட மாட்டோம்." திட்டு விழும் என்ற பயத்தில் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பயத்தை எடுப்பது நம் கடமை.

ஒத்திகைக்கு அணைத்துவைத்த போனோ, காகிதத்தில் வரைந்த எண் பலகையோ போதும். நீங்கள் அவசர மையத்தில் பேசுகிறவராக நடியுங்கள், "தம்பி, உன் பேர் என்ன? எங்க இருக்கே?" என்று கேளுங்கள். தவறு செய்தால் திருத்தி, மறுபடி முதலிலிருந்து. பழைய போனை சிம் எடுத்துவிட்டு விளையாடக் கொடுக்கும் வீடுகள் கவனிக்க வேண்டியது ஒன்று: பல நாடுகளில் சிம் இல்லாத போனிலிருந்தும் அவசர எண்ணுக்கு அழைப்பு போகும். பொம்மை என்று நினைத்துக் குழந்தை அழுத்துவது நிஜமான மையத்தில் நிஜமாகவே ஒலிக்கும். பேட்டரியை எடுத்துவிட்டுக் கொடுங்கள், முடியாவிட்டால் கொடுக்காதீர்கள்.

முதியவர்களும், பேச முடியாத வேளைகளும்

வயதானவர்களுக்கு எண் தெரியாமல் இல்லை. "இதுக்குப் போய் அவங்களைத் தொந்தரவு பண்ணணுமா, காலையில பாத்துக்கலாம்" என்பதுதான் தடை. நெஞ்சை அழுத்தும் வலியோடு விடியும்வரை காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நேராகப் பேசுங்கள்: நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர் குழறல் இந்த மூன்றுக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அவசரமா இல்லையா என்று தீர்மானிக்கும் பாரத்தை எடுத்துக்கொள்ளத்தான் மறுமுனையில் ஆள் இருக்கிறார்.

அந்த நாட்டு மொழி வராத பெற்றோருக்கு மூன்று சொற்களைப் பழக்குங்கள்: "ஆம்புலன்ஸ்", ஊரின் பெயர், "தமிழ்". பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அவசர மையங்கள் தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொள்ள முடியும். மௌனமாகக் காத்திருந்தால் போதும், துண்டிக்கக் கூடாது.

சத்தம் போட்டால் ஆபத்து என்ற நிலையும் உண்டு. வீட்டுக்குள்ளேயே அடிக்கிறவர் இருக்கும்போது வாய்திறந்து பேச முடியாது. பிரிட்டனில் செல்போனிலிருந்து 999 அழைத்துப் பேசாமலிருந்தால், கேட்கும்போது 55ஐ அழுத்தலாம். அழைப்பு காவல்துறைக்குப் போகும். அதை மட்டும் வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பக் கூடாது. அவர்கள் கேட்பதற்குத் தட்டியோ இருமியோ பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பல பகுதிகளில் 911க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். காது கேளாதவர் உள்ள குடும்பங்கள் தங்கள் ஊரில் என்ன வசதி இருக்கிறது, அதற்கு முன்பதிவு வேண்டுமா என்று இன்றே விசாரித்துவையுங்கள்.

தீ, எரிவாயு

இங்கே மட்டும் வரிசை மாறும். தீ என்றால் முதலில் எல்லோரும் வெளியே, பிறகு போன். போனை எடுக்கவும் உள்ளே திரும்பக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் போன் போதும். யாராவது உள்ளே மாட்டியிருந்தால் எந்த அறை என்று சொல்லுங்கள். எரிவாயு வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், போடவும் அணைக்கவும் செய்யாமல், வெளியே தள்ளிப் போய் அங்கிருந்து அழையுங்கள்.

ஒத்திகை நாள்

சொன்னதையெல்லாம் ஒரு மாலையில் செய்துவிடலாம். முதலில் தாளில் எண், முகவரி, அடையாளம், வீட்டில் ஒவ்வொருவரின் வயது, நோய், ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து எழுதுங்கள். போனில் மருத்துவத் தகவல் நிரப்பும் இடம் இருக்கும். அதை நிரப்பினால் பூட்டிய திரையிலிருந்தே ஆம்புலன்ஸ்காரர்கள் பார்க்க முடியும். பிறகு ஒருவர் தரையில் படுத்து நடிக்கட்டும், ஒருவர் பேசட்டும், ஒருவர் கேள்வி கேட்கட்டும். முகவரி சொல்லும்போது யாருக்கு நாக்கு தடுமாறுகிறதோ அவருக்கு இன்னொரு முறை வாய்ப்புக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர், தாத்தாவுக்குத் துணையிருக்கும் உதவியாளர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

வீடு மாறினால், போன் மாறினால், வீட்டில் யாருக்காவது புதிதாக மருந்து தொடங்கினால், தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி, ஒத்திகையை இன்னொரு முறை பாருங்கள்.